1563-இன் மூன்று சட்டங்கள்: சூனியக்காரி வேட்டையும் முதலாளித்துவத்தின் பிறப்பும்

1563-ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் கூடிய இங்கிலாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களில் மூன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, ஏழைகளுக்கு உதவும் சட்டம். பங்கின் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதியின்) ஏழைகளுக்கான உண்டியலில் காசு போட மறுப்பவருக்கு முதலில் ஆயர் (பிஷப்) புத்தி சொல்வார். அப்போதும் மறுத்தால் மாஜிஸ்திரேட்டுகள் தொகையை நிர்ணயித்து வாங்கலாம், தராவிட்டால் சிறையில் போடலாம். இன்னொன்று, தொழிலாளர் சட்டம். 12 முதல் 40 வயதுக்குள் இருக்கும் மணமாகாத பெண்ணை ஆண்டுக் கூலிக்கோ வாரக் கூலிக்கோ நாள் கூலிக்கோ போகும்படி அதிகாரிகள் உத்தரவிடலாம். கூலி எவ்வளவு என்பதும் அவர்கள் சொல்வதுதான். மாட்டேன் என்றால் ஒப்புக்கொள்ளும்வரை காவலில் இருக்க வேண்டும். மூன்றாவது, சூனியச் சட்டம். சூனியத்தால் ஆளைக் கொன்றால் தூக்கு. காயப்படுத்தினாலோ கால்நடைக்குக் கேடு செய்தாலோ முதல் முறை ஓராண்டுச் சிறை, அதோடு சந்தை நாட்களில் கழுத்துக்கட்டையில் நிறுத்துவது. இரண்டாம் முறை தூக்கு.

கணவனும் நிலமும் இல்லாத ஏழைப் பெண் இந்த மூன்றின் வலையிலும் சிக்குகிறாள். இளம் வயதில் அவள் கட்டாயக் கூலியாள். முதுமையில் உண்டியல் காசை எதிர்பார்த்து நிற்பவள். காசு கிடைக்காத கோபத்தில் வாய்விட்டுச் சபித்தால் குற்றவாளி. சட்டம் எழுதியவர்கள் இதையெல்லாம் உட்கார்ந்து திட்டமிட்டார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் மூன்றும் முளைத்தது ஒரே நெருக்கடியிலிருந்து. சூனியக்காரி வேட்டைக்கும் முதலாளித்துவத்தின் பிறப்புக்கும் உள்ள உறவை அங்கிருந்துதான் பிடித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். 'இருண்ட இடைக்காலத்தில் 90 லட்சம் பெண்கள் எரிக்கப்பட்டார்கள்' என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். இதன் மூலம் 1784-இல் ஜெர்மானியர் கோட்ஃப்ரீட் கிறிஸ்டியான் ஃபோய்க்ட் போட்ட ஒரு கணக்கு. குவெட்லின்பூர்க் என்ற ஒரே ஊரின் ஆவணங்களில் கண்ட வழக்குகளை எடுத்து, நூற்றாண்டுகளுக்கு நீட்டி, ஐரோப்பிய மக்கள்தொகையால் பெருக்கி, 94,42,994 என்று கடைசி இலக்கம்வரை சொல்லிவிட்டார். நீதிமன்ற ஆவணங்களை ஊர் ஊராக எண்ணிய ஆய்வாளர்கள் இன்று வந்து நிற்கும் எண்ணிக்கை 40,000 முதல் 60,000 வரையிலான மரண தண்டனைகள். அதில் முக்கால் பங்குக்கும் மேல் பெண்கள். அதிலும் பெரும்பகுதி 1560-க்கும் 1650-க்கும் இடைப்பட்டது. அது அச்சு இயந்திரமும் வங்கிகளும் இருந்த காலம். இங்கிலாந்தின் கிழக்கிந்தியக் கம்பெனி 1600-இலும் டச்சுக் கம்பெனி 1602-இலும் தொடங்கின. இடைக்காலத்தின் மிச்சம் என்று இந்த வேட்டையைத் தள்ளிவிட முடியாமல் போவது இதனால்தான்.

மார்க்ஸ் 1867-இல் வெளியிட்ட 'மூலதன'த்தில் ஆதித் திரட்டல், அதாவது முதலாளித்துவம் தொடங்கத் தேவையான முதல் செல்வக் குவிப்பு, பற்றிய பகுதி எல்லோரும் அறிந்தது. உழவர்களை நிலத்திலிருந்து பிய்த்தெடுத்தது, திருச்சபைச் சொத்தைச் சூறையாடியது, அமெரிக்க வெள்ளி, அடிமை வணிகம் ஆகியவை அதில் வரும். சூனியக்காரிகள் வரமாட்டார்கள். அந்த இடத்தை நிரப்ப முயன்றவர் பெண்ணிய ஆய்வாளர் சில்வியா ஃபெடரிசி. 2004-இல் அவர் முன்வைத்த வாதம் இது: நிலத்தைப் பிடுங்கியதைப் போலவே, கருவுறுதல் மீதும் உடல் மீதும் பெண்களுக்கு இருந்த கட்டுப்பாடும் பிடுங்கப்பட்டது, கூலித் தொழிலாளியைப் பெற்று வளர்த்துத் தரும் கூலியில்லா வேலைக்கு அவர்களைப் பழக்கிய பயங்கரவாதமே வேட்டை. கேள்வி சரியான கேள்வி. பதிலில் பாதி ஆவணங்களோடு நன்றாகப் பொருந்துகிறது, மறுபாதி இடறுகிறது.

பொருந்தும் பாதியைப் பார்ப்போம். 1500-க்கும் 1640-க்கும் இடையில் இங்கிலாந்தில் உணவு விலை சுமார் ஆறு மடங்கு ஏறியது. கூலி சுமார் மூன்று மடங்குதான் ஏறியது. மக்கள்தொகை பெருகிக்கொண்டிருந்தது. பொது மேய்ச்சல் நிலங்கள் பல இடங்களில் நிலக்கிழார்களின் வேலிக்குள் போயின. 1549-இல் நார்ஃபோக்கில் ராபர்ட் கெட் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டது வேலியைப் பிடுங்கிப் போட்டதில் தொடங்கிய கிளர்ச்சிதான். அதற்கு முன்பே, 1536 முதல் 1540 வரை, மன்னர் எட்டாம் ஹென்றி கிறிஸ்தவத் துறவிகளின் மடங்களைக் கலைத்துவிட்டிருந்தார். குறைகள் ஆயிரம் இருந்தாலும் மடத்து வாசலில் பசித்தவருக்குச் சோறு கிடைத்துவந்தது; அதுவும் நின்றது.

இந்த அடி ஆணை விடப் பெண்ணை, அதிலும் விதவையைக் கடுமையாகத் தாக்கியது. கணவன் இறந்தபின் அவன் அனுபவித்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ ஆயுள்வரை வைத்துக்கொள்ளும் வழக்க உரிமை பல ஊர்களில் இருந்தது. பணக் குத்தகைக்கு நிலம் மாற மாற அந்த உரிமை தேய்ந்தது. நிலமே இல்லாத கிழவிக்குக்கூடப் புறம்போக்கில் மேயும் ஒரு பசு, காட்டில் பொறுக்கும் சுள்ளி, அறுத்த வயலில் சிந்திய கதிர் என்று பிழைப்புக்கு வழி இருந்தது. புறம்போக்கு போனால் பசு போகும். பசு போனால் பாலும் வெண்ணெயும் போகும். அப்புறம் பக்கத்து வீட்டு வாசலில் போய்க் கேட்பதுதான் மிச்சம். நான்கு ஏக்கர் நிலம் சேர்க்காமல் புதுக் குடிசை கட்டக்கூடாது என்று 1589-இல் வேறு ஒரு சட்டம் வந்தது. வடமேற்கு ஐரோப்பாவில் பெண்கள் இருபதுகளின் நடுவில்தான் மணம் செய்தார்கள், பலர் மணமே செய்யவில்லை. ஆண் துணையற்ற ஏழைப் பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

ஒரு வழக்கைக் கிட்டத்தில் பார்க்கலாம். எசெக்ஸ் மாவட்டத்துக் கடலோரக் கிராமம் செயின்ட் ஓசித், ஆண்டு 1582. ஊரின் பெரிய மடம் 1539-இல் கலைக்கப்பட்டு, பின்னர் டார்சி பிரபுக் குடும்பத்தின் கைக்கு வந்திருந்தது. வழக்கை விசாரித்த மாஜிஸ்திரேட் பிரையன் டார்சி அதே குடும்பத்து உறவினர். குற்றம் சாட்டப்பட்டவள் உர்சுலா கெம்ப். பிள்ளைக்குப் பாலூட்டுவது, நோய்க்கு மந்திரித்து வைத்தியம் பார்ப்பது என்று பிழைத்தவள். குற்றம் சாட்டிய கிரேஸ் தர்லோவும் வசதியானவள் அல்ல.

நடந்தது இது. கிரேஸின் மகனுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது உர்சுலா வந்து கையைப் பிடித்து மந்திரித்தாள், பையன் தேறினான். அடுத்த பிரசவத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உர்சுலாவைக் கூப்பிடாமல் வேறொருத்தியை வைத்துக்கொண்டாள் கிரேஸ். உர்சுலா கோபித்துக்கொண்டாள். சில மாதங்களில் குழந்தை தொட்டிலிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தது. பிறகு கிரேஸுக்குக் கால் முடங்கியது. 12 பென்ஸ் தந்தால் குணப்படுத்துகிறேன் என்றாள் உர்சுலா. ஒரு கூலியாள் ஒன்றரை, இரண்டு நாள் உழைத்தால் கிடைக்கும் காசு அது. கால் சரியானது. காசு கேட்டு வந்தபோது, நானே இல்லாதவள் என்றாள் கிரேஸ். அப்படியானால் கொஞ்சம் பாலாடைக்கட்டியாவது கொடு என்றாள். அதுவும் இல்லை என்ற பதில். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள் உர்சுலா. கால் மறுபடி முடங்கியது.

வழக்கின் உள்ளடக்கம் இவ்வளவுதான்: கொடுக்காத கூலி, மறுத்த பாலாடைக்கட்டி, ஒரு சுடுசொல். அதற்குமேல் ஏறியதெல்லாம் விசாரணையில் வந்தது. உர்சுலாவின் எட்டு வயது மகனிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அம்மாவிடம் நான்கு ஏவல் ஆவிகள் இருப்பதாக அவன் சொன்னான்: சாம்பல் பூனை டிட்டி, வெள்ளை ஆட்டுக்குட்டி டிஃபின், கறுப்புத் தேரை பிஜின், கறுப்புப் பூனை ஜாக். ஒப்புக்கொண்டால் சலுகை உண்டு என்று டார்சி ஆசை காட்டினார். அவள் மண்டியிட்டு அழுது ஒப்புக்கொண்டாள், மற்றப் பெண்களின் பெயர்களையும் சொன்னாள். சலுகை எதுவும் கிடைக்கவில்லை. அவளையும் எலிசபெத் பென்னெட்டையும் செம்ஸ்ஃபோர்டில் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டே வழக்கு விவரம் டார்சி பிரபுவுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டுப் புத்தகமாக வந்தது.

எசெக்ஸ் ஆவணங்களில் இதே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. ஏழைப் பெண் வந்து பால், ஈஸ்ட், பயறு, காசு என்று ஏதாவது கேட்பாள். வீட்டுக்காரர் மறுப்பார். அவள் முணுமுணுத்துக்கொண்டே போவாள். பிறகு மாடு சாகும், அல்லது பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அல்லது எவ்வளவு கடைந்தாலும் வெண்ணெய் திரளாது. பாலேடு அதிகம் குளிர்ந்திருந்தாலோ சூடாக இருந்தாலோ வெண்ணெய் திரளாது என்பது கடைந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அன்று காலை யாரையோ வெறுங்கையோடு அனுப்பிய மனசாட்சி வேறு காரணம் தேடும். 1612-இல் பத்துப் பேரின் தூக்கில் முடிந்த லங்காஷயரின் பெண்டில் வழக்கும், அலிசன் டிவைஸ் என்ற இளம்பெண் ஒரு சுமைவியாபாரியிடம் குண்டூசி கேட்டு அவர் மறுத்ததில்தான் தொடங்கியது.

இல்லாதவர் வந்து கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது பழைய ஊர் ஒழுக்கம். விலை ஏறும் சந்தையில் விற்று, குத்தகை கட்டி, நிலம் சேர்க்கும் புதிய சிறு பண்ணைக்காரருக்கு அந்த ஒழுக்கம் செலவுக் கணக்காகிவிட்டது. கொடுக்கவும் மனமில்லை, மறுத்த குற்ற உணர்வும் போகவில்லை. கேட்டவளைப் பிசாசின் கூட்டாளி என்று வைத்துவிட்டால் மறுத்தது தவறாகாது. முதலாளித்துவத்துக்கும் வேட்டைக்கும் உள்ள உறவில் என் பார்வைக்கு மிக உறுதியான கண்ணி இதுதான். அரண்மனையை விட அண்டைவீட்டு வாசலில்தான் அது அதிகம் தெரிகிறது.

இரண்டாம் கண்ணி மேலிருந்து வருகிறது, பிள்ளைப்பேற்றின் வழியாக. ஷான் போதென் என்ற பிரெஞ்சுச் சட்ட அறிஞரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வெள்ளி குவிவதால்தான் விலை ஏறுகிறது என்று 1568-இல் எழுதியவர் அவர். பணவீக்கத்தைப் புரிந்துகொண்ட முதல் சிலரில் ஒருவர். 1576-இல் அரசின் இறையாண்மை பற்றிய பெருநூலை எழுதினார். மக்கள்தொகையைப் போன்ற செல்வமும் பலமும் வேறில்லை என்ற கருத்து அதில் உண்டு. 1580-இல் சூனியக்காரிகளை எப்படிப் பிடித்து, விசாரித்து, எரிப்பது என்றும் ஒரு நூல் எழுதினார். 'பித்துப்பிடித்த கிழவிகளை ஏன் எரிக்கிறீர்கள்' என்று கேட்ட மருத்துவர் யோஹான் வையரை அதில் சாடித் தீர்த்தார். நவீன அரசியல் பொருளாதாரம் தொடங்கும் மூளையும் தீ மூட்டச் சொல்லும் மூளையும் ஒன்றாக இருந்ததற்கு இவரைவிட நல்ல சாட்சி இல்லை.

சட்டங்களும் அந்தத் திசையிலேயே போயின. 1556-இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றியின் ஆணைப்படி, கருவுற்றதை மறைத்த பெண்ணின் குழந்தை இறந்துவிட்டால் அவள் கொலைகாரி. இங்கிலாந்து 1624-இல், திருமணத்துக்கு வெளியே பிறந்து இறந்த சிசுவைத் தாய் மறைத்தால், அது இறந்தே பிறந்தது என்பதை ஒரு சாட்சி வைத்து அவளே நிரூபிக்க வேண்டும் என்றது. குற்றத்தை அரசு நிரூபிக்க வேண்டும் என்ற முறை இங்கே தலைகீழானது. வீட்டு வேலைக்கு வந்து ஏமாற்றப்பட்ட இளம்பெண்கள்தான் இதில் அதிகம் மாட்டினார்கள்.

இங்கே ஒரு பரவலான தவறைத் திருத்த வேண்டும். மருத்துவச்சிகளை ஒழிக்கவே வேட்டை நடந்தது என்பார்கள். ஆவணங்களில் மருத்துவச்சிகள் குற்றம் சாட்டப்பட்டது அரிது. குற்றம் சாட்டப்பட்டவளின் உடம்பில் பிசாசு பால் குடித்த அடையாளம் இருக்கிறதா என்று ஆடை களைந்து தேடும் வேலைக்கு நீதிமன்றம் நம்பி அழைத்தது அவர்களைத்தான். மந்திரித்து வைத்தியம் பார்த்த உர்சுலா போன்றவர்கள் மாட்டியது உண்மை. ஊர்க்காரர்களே அவர்களிடம் கூலி கொடுத்து வேலை வாங்கினார்கள் என்பதும் உண்மை. சாட்சி சொல்ல வந்தவர்களில் பெண்கள் ஏராளம். குழந்தை, பால், வெண்ணெய் எல்லாம் பெண்களின் பொறுப்பில் இருந்தன. சண்டையும் அங்கேதான் மூண்டது.

இனி இடறும் பாதி. சந்தேகம் எல்லா ஊரிலும் இருந்தது, ஆனால் பிணக்குவியல் எல்லா ஊரிலும் விழவில்லை. வேறுபாட்டைத் தீர்மானித்தது பெரும்பாலும் நீதிமன்ற நடைமுறை. இங்கிலாந்தில் ஜூரி உண்டு, சித்திரவதைக்குச் சட்ட அனுமதி இல்லை. இரண்டு நூற்றாண்டுகளில் தூக்கிலிடப்பட்டவர்கள் 500 பேர் அளவில். எரிப்பதும் கிடையாது. ஜெர்மன் நாடுகளில் 1532-இன் பேரரசுக் குற்றவியல் சட்டம், போதிய அறிகுறி இருந்தால் சித்திரவதை செய்யலாம் என்றது; எது போதிய அறிகுறி என்று கட்டுப்பாடும் விதித்தது. சின்னச் சின்ன ஆட்சிப்பகுதிகளின் நீதிபதிகள் அனுமதியை எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டை விட்டுவிட்டார்கள். மேல்முறையீடு என்று போக வழியில்லை. கட்டைவிரல் திருகி, கால் திருகி, கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கிப் போடுவது என்று வரிசையாகச் செய்து, ஒப்புக்கொண்டதும் 'கூட்டத்தில் வேறு யாரைப் பார்த்தாய்' என்று கேட்பார்கள். ஒவ்வொரு கைதியும் ஐந்து, பத்துப் பெயர் சொன்னால் வழக்கு தானாகப் பெருகும். அந்தக் கட்டத்தில் ஏழைக் கிழவி என்ற வரம்பும் உடைந்துவிடும். பாம்பெர்கில் 1628-இல் கொல்லப்பட்ட யோஹானஸ் யூனியுஸ் நகரத் தலைவராக இருந்தவர். எதையாவது கற்பனை செய்து சொல்லிவிடுங்கள், இந்த வேதனையை உங்களால் தாங்க முடியாது என்று சித்திரவதை செய்தவனே கெஞ்சியதாக மகளுக்கு ரகசியக் கடிதம் எழுதினார்.

பருவநிலையையும் விட்டுவிட முடியாது. குட்டிப் பனியுகம் என்று சொல்லப்படும் குளிர்ந்த நூற்றாண்டுகளின் கடுமையான பத்தாண்டுகள் இவை. 1562 ஆகஸ்டில் தென்மேற்கு ஜெர்மனியில் பெரும் ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது. அதையடுத்து வீசன்ஸ்டைக் என்ற சிறு ஆட்சிப்பகுதியில் மட்டும் 63 பெண்கள் கொல்லப்பட்டார்கள். 1626 மே மாத உறைபனி திராட்சைத் தோட்டங்களைக் கருக்கியபின் பாம்பெர்கிலும் வியூர்ட்ஸ்பூர்கிலும் பெருவேட்டை தொடங்கியது. இங்கே நிலத்தை வேலியடைத்ததுதான் காரணம் என்று சொன்னால் ஒட்டாது.

அதைவிடப் பெரிய இடறல் நெதர்லாந்து. பழவேற்காட்டில் 1613-இல் கெல்திரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள்தான் அன்று உலகிலேயே முதிர்ந்த முதலாளிகள். பங்குச்சந்தை, கூலி உழைப்பு, வணிகப் பயிர் எல்லாம் அங்கே இருந்தன. அவர்களுடைய குடியரசில் சூனியத்துக்கான மரண தண்டனை 17-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டோடு முடிந்துவிட்டது. ஔடவாட்டர் ஊரின் எடைச்சாவடியில் ஆளை எடைபோட்டு, 'இவருடைய எடை உடல்வாகுக்குப் பொருத்தமானது' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். துடைப்பத்தில் பறக்குமளவு லேசானவர் அல்ல என்பதற்கான அத்தாட்சி அது. ஜெர்மன் பகுதிகளிலிருந்துகூட ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள். ஸ்பெயினில் நிலைமை இன்னும் வேடிக்கை. 1610-இல் லோக்ரோன்யோவில் பாஸ்க் பகுதி ஆட்களை எரித்த இன்குவிசிஷன் என்ற திருச்சபை விசாரணை மன்றம், தன் விசாரணையாளர் சலசார் ஃப்ரியாஸ் கிராமம் கிராமமாகப் போய் ஆதாரம் எதுவுமில்லை என்று எழுதியதும், 1614-இல் கடும் விதிகள் போட்டு வேட்டையை நிறுத்தியது. எசெக்ஸிலேகூட நிலங்கள் பெரும்பாலும் வெகுகாலம் முன்பே வேலியடைக்கப்பட்டவை. வேலி விழுந்த இடமெல்லாம் தூக்குமரம் என்று வரைபடம் போட முடியாது.

ஆக, முதலாளித்துவம் முற்றிய இடங்களில் வேட்டை அடங்கியிருக்கிறது. பழைய கடமைகள் செத்து, புதிய ஏற்பாடு எதுவும் வராத இடைவெளியில்தான் அது கொழுத்தது. இங்கிலாந்தில் 1598, 1601 ஏழைச் சட்டங்கள் பங்குதோறும் கட்டாய வரி வசூலித்து, மேற்பார்வையாளர் மூலம் உதவி கொடுக்க வைத்தன. வாசலுக்கு வருபவளிடம் 'பங்கு அலுவலரைப் போய்ப் பார்' என்று இனி நிம்மதியாகச் சொல்லலாம். சபிக்க ஆள் இல்லை, பயப்படவும் காரணம் குறைவு. தென்கிழக்கு மாவட்டங்களில் வழக்குகள் தேயத் தொடங்கின. 1645-இல் எசெக்ஸில் மறுபடி வெடித்தபோது, ஊர் ஊராகப் போய் வழக்கு கேட்கும் நீதிபதிகளின் வழக்கமான சுற்று உள்நாட்டுப் போரால் குலைந்திருந்தது. அந்த இடைவெளியில் புகுந்தவர்தான் மாத்யூ ஹாப்கின்ஸ் என்ற சூனியக்காரி வேட்டைக்காரர். தூங்கவிடாமல் நாள்கணக்கில் உட்காரவைத்தும் நடக்கவைத்தும் ஒப்புதல் வாங்குவது அவர் முறை. அவருடைய வேலைக்கு ஸ்டோமார்க்கெட் ஊர் மட்டும் 23 பவுண்டு கொடுத்தது. கூலியாளின் நாள் வருமானம் ஒரு ஷில்லிங்கை (பவுண்டில் இருபதில் ஒரு பங்கை) தாண்டாத காலம் அது.

பெண்களை அடக்க அரசுக்குச் சூனியம் மட்டுமே கருவியாக இருக்கவில்லை என்பதும் எசெக்ஸிலேயே தெரியும். தானியத்தை வெளிநாட்டுக்கு ஏற்றும் கப்பலை மால்டன் துறையில் மறித்த ஆன் கார்ட்டரை 1629-இல் தூக்கிலிட்டார்கள். அவர்மேல் யாரும் ஏவல், பில்லி என்று கதை கட்டவில்லை. கலகக்காரி என்ற குற்றமே போதுமானதாக இருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1736-இல், நாடாளுமன்றம் சூனியக் குற்றத்தை நீக்கியது. சூனியம் தெரியும் என்று ஏமாற்றுபவருக்கு ஓராண்டுச் சிறை என்று மாற்றியது. அதற்கு 13 ஆண்டுகள் முன்புதான், 1723-இல், அதே நாடாளுமன்றம் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆயுதத்தோடு காட்டுக்குள் போவது, மான் வேட்டையாடுவது, குளத்து மீனைத் திருடுவது, நட்ட மரத்தை வெட்டுவது முதலிய சுமார் 50 செயல்களை மரண தண்டனைக்குரிய குற்றங்களாக்கியிருந்தது.